மழைத்தோட்டத்தில் யாருக்கு மண், யாருக்குத் தண்ணீர்?

(ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு ஆலய வளாகத்தில், மழைத்தோட்டப் பராமரிப்பைப் பகிர்ந்துகொள்வது பற்றி நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிஞர் என்று என்னை அறிமுகம் செய்தார்கள். மழையைப் பற்றி நாலு கவிதை வாசித்துவிட்டு இறங்கிவிடுவேன் என்று சிலர் நினைத்திருக்கலாம். வயிற்றுப்பாட்டுக்கு நான் வங்கியில் குமாஸ்தா. இன்னிக்கு அந்தக் குமாஸ்தாதான் பேசப்போறான். நம்ம முன்னால இருக்கிறது கணக்கு வழக்கு. யார் போடுறது, யார் எடுக்கிறது என்கிற கணக்கு.

விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஆலயக் கூரையிலும் பள்ளிக்கூடக் கூரையிலும் விழுகிற மழைத்தண்ணி இதுவரைக்கும் வளாகத்தைக் கடந்து, ரோட்டை அரிச்சிக்கிட்டு, ஓடையில போய்ச் சேர்ந்தது. அதை மறித்து, கிழக்கு மூலையில் மழைத்தோட்டம் ஒன்று போடலாம் என்று இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல காரியம். பராமரிப்பை எல்லாரும் பகிர்ந்துகொள்வது என்று ஒரு தீர்மானமும் எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டம் முடியும்போது கைதூக்கி நிறைவேத்தணும்னு சொல்றாங்க. அதில் ஒரு படி என் கையில் இருக்கிறது. கை தூக்குறதுக்கு முன்னால அந்தப் பகிர்வு என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் எழுந்திருக்கிறேன்.

முதலில் தோட்டம். பேர்தான் புதுசு. சுவரைவிட்டுப் பத்தடி தள்ளி, கூரைத் தண்ணி ஓடிவருகிற வழியில், ஒரு சாண் ஆழத்துக்குப் பரந்த பாத்தி. அடியில் மணலும் மக்கிய குப்பையும் கலந்த மண். சரிவின் கீழ்ப்பக்கம் சின்னதா ஒரு கரை. தண்ணி நின்னாலும் தாங்கி, காய்ஞ்சாலும் தாங்குகிற செடிகள்: வெட்டிவேர், கோரை, நொச்சி, ஆடாதோடை. மழை பெய்த அன்றைக்கு அது குட்டை. இரண்டு நாளில் தண்ணி மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் ஒரு வாரம் பத்து நாள் நின்றால் கொசு முட்டையிட்டுப் பறந்துவிடும், டெங்கு வரும். தோண்டுவதற்கு முன்னால் ஓரடிக் குழி ஒன்று வெட்டி, தண்ணி ஊற்றி, எத்தனை மணி நேரத்தில் இறங்குது என்று பார்த்தாலே அந்த இடத்து மண்ணின் குணம் தெரிந்துவிடும்.

லாபம் எவ்வளவு? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். கூரை முன்னூறு சதுர மீட்டர் என்று வையுங்கள். நல்ல மழை ஒன்று, 40 மில்லிமீட்டர். மொத்தம் 12,000 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் அளந்தால் 800 குடம். சிந்தினது, ஆவியானது போக, ஒரு மழைக்கு இவ்வளவு. சித்திரை வைகாசியில் இந்த மலையில் ஒரு குடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்னு முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற அக்காமார்களைக் கேளுங்க.

செய்யாறு, கமண்டல நாகநதி, மிருகண்டா நதி, எல்லாம் இந்த மலைத்தொடரில் பிறந்து கீழே இறங்குகிறவை. கீழே அவற்றுக்கு ஏரி இருக்கிறது, அணை இருக்கிறது, நெல் வயல் இருக்கிறது. மேலே பாறை, அதன்மேல் மெல்லிசா மண். தங்க வைக்காட்டி தண்ணி தங்காது. காவலூரில் நட்சத்திரம் பார்க்க 1986 முதல் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. மலையில் பெய்த மழை எங்கே போச்சுன்னு பார்க்க அதெல்லாம் வேண்டாம். வெறுங்கண்ணே போதும்.

இப்போ பராமரிப்புக்கு வரேன். மழைத்தோட்டம் ஒருநாள் கூத்து இல்லை. ஓடிவருகிற தண்ணி கூடவே வண்டலைக் கொண்டுவரும். நைசான சேறு பாத்தியின் மேல் ஏடு மாதிரி படியும். அது படிந்தால் தண்ணி கீழே இறங்காது. வாய்க்கால் முகத்தில் சருகும் பிளாஸ்டிக்கும் அடைக்கும். தென்மேற்குப் பருவத்துக்கு முன்னால் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, பெரிய மழை ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒருமுறை, யாராவது இறங்கி அந்தச் சேற்றைச் சுரண்டி எடுக்கணும். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைச் சட்டமாக்கினார்கள். வீட்டுக்கு வீடு குழாய் இறக்கினார்கள், குழி வெட்டினார்கள். அப்புறம் எத்தனை பேர் அந்தக் குழியைத் திறந்து பார்த்தார்கள்? சேறு மூடின குழி செத்த குழி. ஆக, இந்தத் தோட்டத்தோட உயிர் பூ வைக்கிறவங்க கையில இல்ல. சேறு அள்ளுறவங்க கையில இருக்கு.

இனி தீர்மானத்தைப் பார்ப்போம். நாலே வரி.

மேற்பார்வை: கமிட்டி. செடி நடுதல், கவாத்து செய்தல்: வாலிபர் சங்கம். வாய்க்கால் சுத்தம், வண்டல் அள்ளுதல்: காலனிப் பெண்கள், மலை ஊர்க்காரர்கள், முறை வைத்து. கிணற்று நீர் உயர்ந்தால் அதன் உபயோகம்: ஆலயம், விடுதி, ஆயர் இல்லம்.

இதை எழுதினவங்க கெட்ட எண்ணத்தோட எழுதல. ஒரு டீ குடிக்கிற நேரத்துல, யார் எந்த வேலைக்கு வழக்கமா வருவாங்களோ அப்படியே எழுதியிருக்காங்க. எனக்கு அதுதான் பயமா இருக்கு. யோசிக்காம எழுதினா கை தானா எங்க போகுதுன்னு பாருங்க. சேறு என்று எழுதினதும் பேனா காலனிக்குப் போயிடுது. தண்ணி என்று எழுதினதும் பங்களாவுக்குப் போயிடுது. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு சட்டசபையில் அறிவித்தது. பதிவேட்டிலிருந்து போகட்டும், சந்தோஷம். வேலைப் பட்டியலிலிருந்து எப்போ போகும்?

எங்க வங்கியில் ஒரே கடனில் பல பேர் பெயர் இருக்கும். கூட்டுக் கணக்கு வைத்திருக்கிறவனுக்குப் பணம் போடவும் உரிமை, எடுக்கவும் உரிமை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் பெயரும் அதே காகிதத்தில்தான் இருக்கும். ஆனால் கடன் பணத்தில் ஒரு பைசா அவன் கைக்கு வராது. கட்டாமல் போனால் மட்டும் நோட்டீஸ் அவன் வீட்டுக்குப் போகும். ரெண்டு பேருமே 'பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவர்கள்'தான். சொல் ஒண்ணு, நிலைமை வேற. ஊர்த் தண்ணீர்க் கணக்கில் சேரிக்காரனைக் காலங்காலமாக ஜாமீன்தாரனாகவே வைத்திருக்கிறார்கள். இந்தத் தீர்மானமும் அப்படித்தான் வைக்குது.

காலங்காலமாக என்று சும்மா சொல்லவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்பீர்கள். பராந்தகச் சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். குடவோலை போட்டு வாரியம் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஏரி வாரியம் இருந்தது, தோட்ட வாரியமும் இருந்தது. நம்ம மழைத்தோட்டத்துக்கு ரெண்டும் பொருந்தும். ஆனால் குடத்தில் யார் பெயர் விழும்? வரி கட்டுகிற நிலம் கால்வேலிக்கு மேல் இருக்கணும், சொந்த மனையில் வீடு இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். ஏரியில இறங்கி மண் வெட்டினவன் பெயர் அந்தக் குடத்துக்குள்ள விழ வழியே இல்ல.

அவன் உழைப்புக்கு வேறு பெயர் இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கூலியில்லாமல் கட்டாயமாகக் கொடுக்கவேண்டிய உழைப்பு. நீர்நிலை வேலைக்கும் அதுதான். இன்னிக்கு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? 'வெட்டியா இருக்கான்', 'வெட்டி வேலை'. ஊருக்கே சோறு போட்ட வேலையை ஒண்ணுத்துக்கும் ஆகாத வேலைன்னு மொழிக்குள்ளேயே மாத்தி எழுதிட்டாங்க.

வெள்ளைக்காரன் வந்தான். 1858-ஆம் ஆண்டின் முதலாம் எண் சட்டம், சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். ஊர் வழக்கப்படி நீர்ப்பாசன வேலைக்கு வரவேண்டியவன் வராமல் போனால், அவன் தரவேண்டிய உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்டணும். இதைத்தான் குடிமராமத்து என்று பெருமையாகப் பேசுகிறார்கள். 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டமே போட்டது. ஊர் கூடி ஏரி காத்த பொற்காலம் என்று எழுதுகிறவர்கள், ஊர் என்றால் எந்தத் தெரு வரைக்கும் என்று எழுதுவதில்லை. வழக்கப்படி என்று சட்டம் சொல்லிவிட்டால், வழக்கம் யார் செய்ததோ அவனுக்குச் சாதகமாகத்தானே இருக்கும்?

எங்க தாத்தா போளூர் பக்கம் ஒரு ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி. எந்த மதகு எந்த நேரம் திறக்கணும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, கரையில எங்க நண்டு வளை விழுந்திருக்கு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ராத்திரி மழையில் அவர் கரைமேல நின்னாத்தான் ஊர் தூங்கும். அறுப்பு முடிஞ்சதும் களத்துமேட்டுல அவருக்கு அளந்த நெல்லுக்கு என்ன பேர் தெரியுமா? சுதந்திரம். ஆமாம், ஊர்த் தொழிலாளிக்குக் களத்தில் கொடுத்த பங்குக்கு அந்தக் காலத்துப் பெயரே சுதந்திரம்தான். அந்தச் சுதந்திரத்தைத் துண்டை ஏந்தி வாங்கிக்கிட்டு வந்தார். அவர் திறந்துவிட்ட தண்ணி பாய்ந்த நிலத்தில் அவருக்கு ஒரு சென்ட் கிடையாது. ஊர்க் கிணத்துல கயிறு போட உரிமை கிடையாது. இதுதான் ஜாமீன்தாரன் வாழ்க்கை.

இதை மாற்றத்தான் நம்மவர்கள் போராடினார்கள். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் எல்லாம் எல்லாருக்கும் என்று அரசாணை வாங்கினார். 1927 மார்ச் 20-ஆம் தேதி மகாடில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். அதற்கப்புறம் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு பத்து வருஷம் நடந்து 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. ஒரு கை தண்ணிக்குப் பத்து வருஷம். சரி, பழைய கதை என்கிறீர்களா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. தொட்டி சேரிக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அது யாருடைய தண்ணீர் என்ற கேள்வி தீரவில்லை.

இது கோயில் நிலம் இல்லையே, ஆலய நிலமாச்சே, இங்க ஏது சாதின்னு ஒரு பெரியவர் வாசல்லயே என்னைக் கேட்டார். மரியாதையோடு சொல்றேன் ஐயா. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழியணும்னு தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். எதற்கு எழுதவேண்டி வந்தது? தனித்தனியாக உட்கார்ந்தார்கள், நற்கருணைப் பாத்திரத்தில்கூட முன்பின் பார்த்தார்கள். கடிதம் வந்ததும் தஞ்சாவூரில் வேளாளக் கிறித்தவர்கள் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். ஆண்டவரை விடலாம், சாதியை விடமுடியாது! 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் வைத்திருந்தார்கள். கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருக்கிறதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. ஒப்புக்கொண்டதை மண்வெட்டி வரைக்கும் கொண்டுவரணும்.

மலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் இந்தத் தீர்மானத்தில் சேறு அள்ளுகிற வரிசையில்தான் இருக்கிறீர்கள். காலனியோடு சேர்த்து எழுதிட்டாங்களேன்னு உங்களில் சிலருக்கு முகம் சுருங்கினதை நான் பார்த்தேன். உங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த வேளாளர் என்று ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் அச்சிட்ட புத்தகத்திலேயே அது இருக்கிறது. கதை இருக்கட்டும். அந்தக் கதை உங்களுக்கு என்ன கொடுத்தது? 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் இருபது தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அதில் இந்த மலையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். மரம் வெட்டினவன் கை ஒண்ணு, காசு எண்ணினவன் கை வேற. குண்டு வெட்டினவன் நெஞ்சில பட்டுது. அதுவும் ஜாமீன் கையெழுத்துதான். மலையில் தண்ணி தங்கினால் சாமை விளையும், ஒரு போகம் கூடுதலாகக் கிடைக்கும், இங்கேயே இருக்கலாம். இல்லாட்டி ஆள் பிடிக்கிறவன் வண்டி அடிவாரத்துல எப்பவும் நிக்குது.

இன்னொன்றும் சொல்லணும். இந்த ஆலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரை அரசாங்கம் வேற வேற மாதிரி பார்க்கிறது. மலையாளிப் பழங்குடி கிறித்தவரானாலும் பழங்குடிதான். பறையர் கிறித்தவரானால் 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956-இல், பௌத்தருக்கு 1990-இல் அந்தக் கதவைத் திறந்தார்கள். கிறித்தவ தலித்துக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் சாதி போயிடுச்சு, வண்டல் அள்ளக் கூப்பிடும்போது மட்டும் திரும்பி வந்துடுது. இந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மேல கீழ பார்த்துக்கிட்டு இருந்தா, தண்ணி மூணாவது வீட்டுக்குப் போயிடும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று. 'மழைத்தோட்டம்' என்று நாம் இன்று சொல்வது அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் என்ற மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் பரவியது. புதிதாகக் கட்டின ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு ஒன்றாக வெட்டிப் பார்த்தார்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் அது. பின்னால் மழைநீர் வழிந்தோடுகிற கூரைக்கும் தளத்துக்கும் அங்கே கட்டணம் விதித்தார்கள். பெரிய கூரை, பெரிய வண்டி நிறுத்துமிடம் என்பதால் ஆலயங்களுக்குக் கட்டணம் அதிகம். 2014 வாக்கில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வளாகத்தில் மழைநீர் அமைப்புக்கு இடம் விட்டால், சபையாருக்கு அதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால், கட்டணம் குறையும். அங்கே பொறுப்பு எங்கிருந்து தொடங்குகிறது பாருங்கள். கூரை யாருடையதோ அவர் பொறுப்பு. தண்ணியை ஓடவிட்டவர் கணக்கிலிருந்து தொடங்குது. நம்ம தீர்மானத்துல கூரையே இல்லாதவங்க கணக்கிலிருந்து தொடங்குது.

இவ்வளவு தூரம் போகவேண்டாம், நம்ம மலையடிவாரத்துக்கு வாங்க. நாகநதியை உயிர்ப்பிக்க வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பெண்கள்தான் ஆயிரக்கணக்கில் இறங்கி நீர் உறிஞ்சு கிணறுகள் வெட்டினார்கள், நூறு நாள் வேலையில். 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் அதைப் பேசினார். பாராட்டு நாடெல்லாம் கேட்டது. வெட்டினவர்களுக்காவது கூலி என்று ஒன்று இருந்தது. இங்கே நாம் எழுதியிருக்கிற பட்டியலில் கூலியும் இல்லை, தண்ணியும் இல்லை. சேவை என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. சேவை யாருக்கு வேணும்னாலும் செய்யலாம், தப்பில்ல. ஆனா ஒரே தெரு மட்டும் செஞ்சா அதுக்குப் பேர் சேவை இல்ல. பழைய பேரே இருக்கு, இப்பத்தான் சொன்னேன்: வெட்டி.

தோட்டமே வேண்டாம்னு சொல்ல நான் வரல. தோட்டம் வேணும். ஜாமீன் கணக்கைக் கூட்டுக் கணக்கா மாத்தணும். அதுக்கு அஞ்சு திருத்தம் எழுதி வந்திருக்கேன்.

ஒன்று. தண்ணி முதல் வரியில் வரணும். இந்த மழையால் கிணற்றில் ஊறுகிற தண்ணீர், தோட்டத்தைப் பராமரிக்கிற எல்லாக் குடும்பங்களுக்கும், சபையில் இல்லாத அக்கம்பக்கத்தவருக்கும் பொது. ஒரே கயிறு, ஒரே வரிசை, வந்த நேரப்படி. ஆலய நிலம் சபையார் பெயரில் இல்லை, மேலே டிரஸ்ட் பெயரில் இருக்கிறது. ஆயர் மாற்றலாகிப் போவார், கமிட்டி மாறும். வாய்வார்த்தை நிக்காது. கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மேலிடத்துக்கு ஒரு படி அனுப்பி, பதில் வாங்கி வைக்கணும். வங்கிக்காரன் சொல்றேன், எழுதாத உரிமைக்கு வட்டியும் இல்ல, அசலும் இல்ல.

இரண்டு. வேலை சீட்டில் வரணும். மூணு மாசத்துக்கு ஒருமுறை எல்லாக் குடும்பத்துப் பெயரையும் எழுதிக் குலுக்குவோம். உத்திரமேரூர்க் குடமேதான், ஆனால் தகுதிப் பட்டியல் கிடையாது. சேறும் பூவும் ஒரே சீட்டில் இருக்கட்டும். அந்த வாரம் யார் பெயர் வருதோ அவங்க வண்டலும் அள்ளணும், செடியும் வைக்கணும். ஆயர் ஐயா பெயரும் குடத்தில் இருக்கும், பொருளாளர் பெயரும் இருக்கும். பெரிய வியாழனன்று வருஷத்துக்கு ஒருநாள் மற்றவர் காலைக் கழுவுகிற கை, மூணு மாசத்துக்கு ஒருநாள் மண்வெட்டி பிடிப்பதில் என்ன குறைஞ்சிடும்? வயசானவங்க, உடம்புக்கு முடியாதவங்க, மாசமா இருக்கிறவங்க, இவங்களுக்கு விலக்கு. ஒரு வீட்டுச் சீட்டை எப்பவும் பெண்ணே செய்யக் கூடாது, ஆம்பளைங்களும் இறங்கணும்.

மூன்று. பதில் ஆள் கிடையாது. 'எனக்கு ஆபீஸ் இருக்கு, கூலி கொடுத்து ஆள் அனுப்பறேன்'னு சொல்ல முடியாது. கூலிக்கு யார் வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதே தெருவிலிருந்து அதே அக்கா வருவாங்க. சுத்திச் சுத்தி அங்கேயே போய் நிக்கும். அபராதமும் பணமா வேண்டாம். பணக்காரன் பணத்தை எறிஞ்சிட்டுப் போயிடுவான், இல்லாதவன் கடன் வாங்கிக் கட்டுவான். வராதவன் அடுத்தமுறை ரெண்டு வாரம் இறங்கட்டும். 1858 சட்டத்தின் இரண்டு மடங்கை நாம் இந்த விதத்தில் எடுத்துக்கலாம், எல்லாருக்கும் பொதுவா.

நான்கு. மழைத்தண்ணி மட்டும்தான் அந்தப் பாத்திக்குள் வரணும். இன்னிக்குக் காலையில் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தேன். விடுதிக் கழிப்பறைத் தொட்டி நிரம்பினால் வழிகிற வாய்க்கால், தோட்டத்துக்குக் குறித்திருக்கிற இடத்துக்கு மேல்பக்கமாகத்தான் போகிறது. பெருமழையில் ரெண்டும் கலக்கும். கலந்தால் அங்க அள்ளுறது வண்டல் இல்ல. அப்புறம் அதை யாரை அள்ளச் சொல்வீங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் கையால் மலம் அள்ளவைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தோட்டம் வெட்டுறதுக்கு முன்னால அந்த வாய்க்காலைத் திருப்புங்க. கொஞ்சம் செலவாகும். பூச்செடிக்கு ஒதுக்கின பணத்தை முதலில் இதுக்குக் கொடுங்க.

ஐந்து. கணக்குப் புத்தகம். மண்வெட்டி, கையுறை, பூட்ஸ், வடிகட்டி வலை, எல்லாம் பொதுப்பணத்தில் வாங்கி ஆலயத்திலேயே இருக்கட்டும். காலனி வீட்டுத் திண்ணையில மண்வெட்டி இருந்தா வேலையும் அங்கேயே குடியேறிடும். வரவு செலவை மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் வாசிக்கணும். பணம் எடுக்க ரெண்டு கையெழுத்து. ஒன்று சேரியிலிருந்தோ மலை ஊரிலிருந்தோ ஒரு பெண்ணுடையது. கையெழுத்துத் தெரியாதுன்னு சொல்லாதீங்க. எங்க கவுண்டர்ல சுயஉதவிக் குழுப் பெண்கள் பாஸ்புக்கைப் பிரிச்சு, வட்டியில ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் என்னைக் கேள்வி கேக்கிறதை வந்து பாருங்க.

சிலர் சொல்வார்கள்: சின்னத் தோட்டம், இதுக்குப் போய் இவ்வளவு அரசியலா? தோட்டம் சின்னதா இருக்கிறதால்தான் சொல்றேன். ஏரியில் நம்மால் இன்றைக்கே மாற்ற முடியாது. அங்கே பட்டா இருக்கிறது, ஆயக்கட்டு இருக்கிறது, ஆளுங்கட்சி இருக்கிறது. இருபதடிப் பாத்தி ஒன்றில் முப்பது நாற்பது குடும்பம் சேர்ந்து ஒரு புது வழக்கத்தை உண்டாக்க முடியும். ஊர் வழக்கம் என்று சட்டம் போட்டு நம்மை அடித்தார்கள். அடுத்த தலைமுறைக்கு இதுவும் ஒரு வழக்கமாகட்டும். இந்த விடுதிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சேத்துல யார் இறங்குறாங்க, கிணத்துல யார் முதல்ல குடம் வைக்கிறாங்கன்னு பார்த்துத்தான் சாதியைக் கத்துக்குதுங்க. அதைப் பார்த்துத்தான் மறக்கவும் கத்துக்கும்.

சேறு தீட்டு இல்லை தோழர்களே. இந்த மலை ஆயிரம் வருஷமா அரிச்சு அரிச்சுக் கொடுக்கிற எரு அது. அள்ளின வண்டலை எங்கே கொட்டுறதுன்னு தீர்மானத்தில் இல்லை. அதையும் சேர்த்துக்கலாம்: அள்ளினவங்க கொல்லைக்குப் போகட்டும். அவரைப் பந்தல் நல்லா வரும்.

என் திருத்தங்களை எழுதிச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். பழைய நாலு வரியையும் இந்த அஞ்சையும் அவர் ஒண்ணா வாசிக்கட்டும். வாசிச்சு முடிச்சதும், காலனிக்காரங்களும் மலைக்காரங்களும் முதல்ல பேசட்டும். மத்தவங்க கொஞ்சம் பொறுங்க. அதுக்கப்புறம் கை தூக்குவோம்.